இந்த வயசுல எதுக்கு?



போன இதழ் அச்சுக்குப் போகிற வாரம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அலுவலகத் தொலைபேசியில் அழைத்தார். சந்தா விஷயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அக்கா, எங்க மாமியார் நேத்து ராத்திரி கொல்லைப் பக்கம் போனவங்க விழுந்துட்டாங்க. எழுபத்தெட்டு வயசு. இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்காம். டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணணும்ங்கிறார். வீட்ல எல்லாரும், 'இந்த வயசுல எதுக்கு? புத்தூர் கட்டு போட்டுப் பார்த்துக்கலாம்'ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் டாக்டர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் வீட்டில் அது இரண்டு முறை எழுந்திருக்கிறது. முதல் முறை பதில் சொல்லும் வயது எனக்கு இல்லை. இரண்டாவது முறை, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

முதல் முறை 1979. மார்கழி மாதம். சாணி தெளித்த வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அத்தைப்பாட்டி வழுக்கி விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள், அவ்வளவுதான். தூக்கிவிடப் போனபோது ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. கட்டுப் போடுகிறவரை அழைத்து வந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு, உளுத்தம் மாவு, மூங்கில் தப்பை, துணி. ரேழியில் கயிற்றுக் கட்டில் போட்டார்கள். மூன்று மாதத்தில் எழுந்துவிடுவாள் என்றார் வைத்தியர். தை வெயிலில் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தாள். மாசியில் முதுகில் புண் வந்தது. அந்த வாடைக்காகப் பொழுதுக்கும் சாம்பிராணி போட்டார்கள். பங்குனியில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சித்திரை பிறக்கும்போது அவள் இல்லை. எப்படிப் போனாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சளிதான்" என்று சொன்னார்கள். இடுப்பை யாரும் சொல்லவில்லை.

கட்டுப் போட்டவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரை நம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் எழுதவைத்த கைத்திறன் அது. மணிக்கட்டோ முன்கையோ விலகாமல் விரிசல் விட்டிருந்தால், அசையாமல் கட்டிவைத்தால் எலும்பு தானே கூடும். எத்தனையோ பேருக்குக் கூடியும் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். நாம் 'இடுப்பு உடைந்தது' என்கிறோமே, பெரும்பாலும் உடைவது இடுப்பு எலும்பே அல்ல. தொடை எலும்பின் மேல்முனை. பள்ளிப் புத்தகத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். இடுப்பில் கிண்ணம், தொடை எலும்பின் உச்சியில் பந்து. பந்தையும் எலும்பின் தண்டையும் சாய்வாக இணைக்கிற ஒரு கழுத்து. உடம்பின் பாரமெல்லாம் அந்தக் கழுத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. ஒற்றைக் காலில் நின்றால் உடல் எடையைப்போல இரண்டரை, மூன்று மடங்கு சுமை அந்த மூட்டில் ஏறும். இத்தனை ஆழத்தில், இத்தனை கனமான தசைகளுக்கு நடுவே இருப்பதை வெளியிலிருந்து எந்தத் தப்பை பிடித்து நிறுத்தும்?

அந்தக் கழுத்துக்குள் இருப்பது கெட்டிக் கல் அல்ல. மெல்லிய எலும்புக் கீற்றுகள் வளைவு வளைவாகப் பின்னிய சாரம். 1866 வாக்கில் சூரிச் நகரத்தில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர் இந்தக் கீற்றுகளை வரைந்து காட்டியபோது, அதைப் பார்த்த கார்ல் குல்மான் என்ற பொறியாளர் திகைத்துப்போனாராம். பாரந்தூக்கிக் கிரேனின் வளைந்த கையில் விசை எப்படி ஓடும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த கோடுகளும் இவையும் ஒன்றுபோல இருந்தன. எலும்பு ஓயாமல் தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் பொருள். இளமையில் கட்டுவது அதிகம், வயதானால் இடிப்பது அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் சில வருடங்கள் இடிப்பு வேகமாக நடக்கும். கரையான் அரித்த உத்தரம்போல வெளியே வர்ணம் அப்படியே இருக்கும், உள்ளே சாரம் இருக்காது. வலியும் தெரியாது. விழும் அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் அந்த இடத்துக்கே உரியது. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் குழாய்களும் அறுந்துபோகும். ரத்தம் போகாத பந்து உள்ளேயே செத்துவிடும். கட்டினாலும் கூடாது. கழுத்துக்குச் சற்றுக் கீழே, தசைகள் பற்றியிருக்கும் புடைப்பில் முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம், தானாகக் கூடவும் கூடும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எண்பது வயதில் அந்த இரண்டு மூன்று மாதம்தான் கூற்றுவன்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர். மூட்டு முறிவுகளைப் பற்றி 1822ல் அவர் எழுதிய பெரிய நூலில், மூட்டுறைக்கு உள்ளே நேரும் முறிவையும் வெளியே நேரும் முறிவையும் பிரித்துக் காட்டினார். உள்ளே முறிந்தது கூடுவதைத் தாம் பார்த்ததில்லை என்பது அவர் கட்சி. படுக்கையிலேயே கிடத்தி வைத்து முதியவர்கள் சாவதைப் பார்த்துச் சலித்தவர் அவர். எலும்பு கூடாவிட்டால் போகட்டும், வலி சற்று அடங்கியதும் எழுந்து உட்காரவைத்து ஊன்றுகோலோடு நடக்கவிடுங்கள் என்றார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தும் எலும்பைவிடக் கட்டில்தான் ஆபத்து என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது தெரிய நூற்றைம்பது வருடம் போதவில்லை.

ஜெர்மனியில் ருடால்ஃப் ஃபிர்ஹோ. நோய்க்கூறு இயலின் தந்தை என்பார்கள். ரத்தம் குழாய்க்குள் ஏன் உறைகிறது, உறைந்த கட்டி எப்படி நுரையீரலுக்கு ஓடுகிறது என்று உலகத்துக்குச் சொன்னவர். ஓட்டம் மந்தப்படுவது அதற்கு ஒரு காரணம். படுத்தே கிடக்கிற முதியவரின் காலில் நடப்பது அதுதான். 1902 ஜனவரியில், எண்பது வயதில், பெர்லினில் ஓடுகிற டிராமிலிருந்து குதித்துத் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, அந்த செப்டம்பரில் இறந்தார். எண்பது வயதில் டிராமிலிருந்து குதிப்பானேன் என்று நமக்குத் தோன்றும். நம் வீட்டுக் கிழவர்கள் நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றுவதில்லையா?

அதற்குப் பிறகுதான் ஆணி நிலைபெற்றது. நார்வேயில் பிறந்து பாஸ்டனில் தொழில் செய்த ஸ்மித்-பீட்டர்சன், 1925ல் மூன்று பட்டை கொண்ட எஃகு ஆணியைக் கழுத்துக்குள் இறக்கி எலும்பைப் பிணைத்தார். ஆறு வருடம் கழித்து முடிவுகளை வெளியிட்டார். ஆணி பிடிக்காத பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைப்பதை அமெரிக்காவின் ஆஸ்டின் மூர் போன்றவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, பந்து கிண்ணம் இரண்டையும் மாற்றி எலும்புச் சிமெண்டால் பதிக்கிற முறையை 1962ல் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். இவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு நெருக்கமானவர் வேறொருவர், மாண்டலேயில் இருந்தவர்.

டாக்டர் சான் பா. மாண்டலே பொது மருத்துவமனையில் எலும்பு சர்ஜன். கழுத்து முறிந்து கூடாமலே போனவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, பர்மாவில் கிடைத்த ஒரு பொருளில் விடை தேடினார். யானைத் தந்தம். தந்தத்தைப் பந்தாகவும் தண்டாகவும் செதுக்கித் தொடை எலும்பில் பொருத்தினார். 1960ல் முதல் நோயாளி யார் தெரியுமா? ஒரு பௌத்தத் துறவி. பெண். வயது 83.

பிள்ளையில்லை, குட்டியில்லை, சம்பாதிக்கப் போவதில்லை. 'இந்த வயசுல எதுக்கு' என்று கேட்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அந்த மூதாட்டியிலிருந்துதான் சான் பா தொடங்கினார். இருபது வருடங்களில் முந்நூறு பேருக்கு மேல் தந்த மூட்டு வைத்தார். 1969ல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர்களின் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். அவருடைய நோயாளிகளால் குத்துக்காலிட்டு உட்கார முடிந்தது என்பது அதில் ஒரு செய்தி. மேல்நாட்டு மூட்டுக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் உட்கார்ந்து மலம் கழிக்கிற ஊர்க்காரர்களுக்கு அது பாதி வாழ்க்கை. (யானையை நினைத்தால் இன்று மனம் பதறுகிறது. நல்லவேளை, காலம் மாறி உலோகமும் பீங்கானும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.)

இப்போது இரண்டாவது முறை. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில் அம்மா விழுந்தாள். வயது 81. பாத்ரூம் கதவைப் பிடித்தபடியே விழுந்தாள். மருத்துவம் இத்தனை தூரம் வந்துவிட்டது என்பதெல்லாம் ஒரு பத்திரிகையாசிரியராக எனக்குத் தெரியும். மகளாக நான் கேட்டது: "டாக்டர், இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா?"

அவர் இளைஞர், என் மகன் வயது. கோபப்படவில்லை. "படுக்கையைத் தாங்க மாட்டாங்க அம்மா. ஆபரேஷனைத் தாங்குவாங்க" என்றார்.

அதன் பிறகும் நாங்கள் ஒரு நாளைத் தின்றோம். அண்ணன் பெங்களூரிலிருந்து வரவேண்டும். பெரியப்பா பையன் வாட்ஸ்அப்பில் கேரள எண்ணெய் வைத்தியம் ஒன்றை அனுப்பினான். தாய்மாமா "சர்க்கரை இருக்கே" என்றார். மறுநாள் எல்லாரும் சம்மதித்தபோது மருத்துவமனையில் 'ஃபிட்னெஸ்' தர இதய டாக்டர் இல்லை, எக்கோ எடுக்கிறவர் வரவில்லை. அம்மா சாப்பிட்டு வந்த ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைக்காக வேறு கொஞ்சம் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அத்தனை நேரமும் அவள் வலியோடு, வயிறு காய்ந்து, புரளமுடியாமல் கிடந்தாள்.

எவ்வளவு சீக்கிரம் என்ற கேள்வியைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள்ளும், மறு பாதிக்கு வழக்கப்படி ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள்ளும் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2020ல் முடிவு வந்தது. சாவு எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னதாகச் செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். கவனியுங்கள், அங்கே 'தாமதம்' என்பதே ஒரு நாள். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் எலும்பு டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. நம் வீடுகளில் உறவுக்காரர்கள் கூடிப் பேசி முடிக்கவே அவ்வளவு ஆகிறது.

அம்மாவுக்கு முறிவு கழுத்துக்குக் கீழே. அதனால் பந்தை மாற்றவில்லை. நம் ஊர்ப் பேச்சில் 'ராடு' போட்டார்கள். தொடை எலும்பின் உள்குழாயில் ஒரு கம்பி, அதிலிருந்து கழுத்து வழியாகப் பந்துக்குள் ஏறும் ஒரு கனத்த ஸ்க்ரூ. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மன்னார்குடி வாசகியின் மாமியாருக்குக் கழுத்திலேயே முறிவு, அதுவும் விலகிவிட்டது. அந்த வயதில் அதற்கு அரை மூட்டு மாற்று பொருந்தும் என்றிருக்கிறார் டாக்டர். கிண்ணத்தை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றுவது. வயது குறைந்தவர், நன்றாக நடமாடுகிறவர் என்றால் முழு மூட்டையும் மாற்றுவார்கள். விலகாத முறிவுக்கு ஸ்க்ரூ மட்டுமே போதும் என்பதும் உண்டு.

அன்று இரவு அம்மா எங்களைக் கலங்கடித்தாள். நாற்பது வருடத்துக்கு முன் செத்துப்போன தன் தம்பியைக் கூப்பிட்டாள். கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினாள். என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றாள். புத்தி பேதலித்துவிட்டது, பாழாய்ப்போன ஆபரேஷனால் வந்தது என்று அண்ணி அழுதாள். இதுதான் அந்த மனக்குழப்பம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு அடிக்கடி வருவது. வலி, நீர் வற்றல், புது இடம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் தணிந்துவிடும். நர்ஸ் ஒருத்தி அம்மாவின் மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடச் சொன்னாள், விளக்கை அணைக்காமல் வைத்தாள், எங்களில் ஒருவரைக் கையைப் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னாள். மூன்றாம் நாள் காலை அம்மா என்னைப் பார்த்து, "காபியில சக்கரையே இல்லையே" என்றாள். அவளுக்குச் சர்க்கரை இல்லாத காபிதான். ஆனால் அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளே நிற்க வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்தேன். நானே தடுத்தேன். தையல்கூடக் காயவில்லையே என்றேன். பிசியோதெரபி பெண் சிரித்தபடி, "அதுக்குத்தானே ராடு" என்று வாக்கரை முன்னால் வைத்தாள்.

எல்லாம் சுகமாகத்தான் முடியும் என்று எழுதினால் அது பொய். நல்ல சிகிச்சை கிடைத்தும் இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கு மேலும், ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். மீண்டவர்களிலும் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. முன்பே படுத்த படுக்கையாக, கடைசி நாட்களில் இருப்பவருக்கு அறுவை வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதே போதும் என்று டாக்டரே சொல்லும் தருணங்களும் உண்டு. அந்த முடிவுக்கு நோயின் நிலை காரணமாக இருக்கலாம். ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த வருடம் காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

செலவைப் பற்றி வாசகி கேட்டார். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் தனியார் மருத்துவமனையிலும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்தபின் பயிற்சி கொடுக்க 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வருவார். முதியோர் மருத்துவத்தில் நாம் பின்தங்கியவர்களும் அல்ல. டாக்டர் வ.செ. நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1978ல். எங்கள் அத்தைப்பாட்டி விழுந்ததற்கு முந்தைய வருடம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அம்மாவின் கோப்பில் ஒரு கால்சியம் மாத்திரை எழுதியிருந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. முறிந்த எலும்பை ராடு பிடித்துக்கொண்டது, எதிர்ப்பக்கத்து எலும்பும் அதே கரையான் அரித்ததுதானே? எலும்பு வலுவுக்கு மருந்துகள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை ட்ரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலத்தை இடுப்பு முறிந்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007ல் வந்தது. புதிய முறிவுகள் 35 சதவீதமும், மரணங்கள் 28 சதவீதமும் குறைந்திருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வேறு ஊசியும் உண்டு, ஆனால் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் எலும்பு மளமளவென்று சரியும். எது யாருக்கு என்பதை சிறுநீரகம், பல் எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். தையல் பிரிக்கப் போகும் அன்று, "எலும்புக்கு என்ன மருந்து டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்பது. கேழ்வரகும் வெயிலும் நல்லவையே. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் அரித்துப்போன உத்தரத்துக்குக் கூழ் மட்டும் முட்டுக்கொடுக்காது.

அம்மா இப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிவிட்டாள். தரையில் உட்காருவதில்லை. பந்தியில் மேசை போடாத கல்யாணங்களைத் திட்டுகிறாள். மன்னார்குடி மாமியாருக்கு மூன்றாம் நாள் அறுவை நடந்தது. வீட்டில் தரையோடு பதித்த கக்கூஸ்தான், அதற்குமேல் வைக்கிற கமோட் நாற்காலி எங்கே கிடைக்கும் என்று வாசகி மறுபடி அழைத்தார். "ஆபரேஷனுக்குச் சம்மதிச்சதைவிட நாற்காலிக்கு சம்மதிக்க வைக்கிறதுதான் அக்கா கஷ்டமா இருக்கு" என்றார்.

இந்தப் பக்கத்தை எழுதுவதற்காக ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் 2008ல் உருவாக்கிய ஃப்ராக்ஸ் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடுத்த பத்து வருடத்தில் இடுப்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு. இந்தியாவுக்கென்று தனி அளவு உண்டு. வயது, எடை, உயரம், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு கேள்வி: உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்திருக்கிறதா?

அதுவரை அம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு 58. வந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நேற்று பாத்ரூமில் கைப்பிடி பொருத்த பிளம்பர் வந்தார். டைல்ஸ் விட்டுவிடும் என்று முதலில் தயங்கினார். பிறகு டிரில்லை எடுத்துக்கொண்டு, "பாட்டியம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க கை எட்டுற உயரம் பார்க்கணும்" என்றார். கூப்பிடவில்லை. கமோட் மூடி மேல் நானே உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் உள்ளங்கை தொட்ட இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்